காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வரும்போது



இந்த மாதம் எழுதப்போகிற காரியம் நம்மில் அநேகருடைய வீட்டுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றலாம். ஆனால் சபையில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டவுடன் அந்த வீட்டுக்கு முதலாவது ஓடுகிறவர்கள் நாம்தான். ஊரையும் உறவையும் விட்டுப் பெருநகரத்துக்குப் பிழைக்க வந்த குடும்பத்துக்குச் சபையே பெரியப்பா, சபையே அத்தை, சபையே மாமா. ஆகையால் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியதை நாமும் அறிந்திருக்க வேண்டும். இதை நான் ஒரு தவற்றின் வழியாகக் கற்றுக்கொண்டேன். அந்தத் தவறு வேறொருவருடையதன்று, என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மும்பை தாராவியில் குடியிருந்த நம் சபைக் குடும்பம் ஒன்றில், ஏழு வயது மகனுக்கு லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தகப்பனார் தோல் பட்டறையில் வேலை செய்பவர். கீமோ சிகிச்சை தொடங்கி மூன்றாவது வாரம். ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வயிறு வலிக்கிறது என்று முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான். செய்தி கேட்டவுடன் நான் விசுவாசிகளை அழைத்துக்கொண்டு ஜெபிக்கப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏறத்தாழ இருபது பேர். அவர்களில் இருமிக்கொண்டிருந்த சிறுவர்களும் இருந்தார்கள். ஒருவர் காய்ச்சல் சிரப் கொடுத்தார். பிள்ளைக்கு மூன்று நாளாக மலம் கழியவில்லை என்று கேட்ட ஒரு மூதாட்டி, சோப்புத் தண்ணீரில் எனிமா கொடுத்தால் வலி போய்விடும் என்றார். தாயார் என் முகத்தைப் பார்த்தார். நானோ ஒன்றும் சொல்லாமல் பாட்டைத் தொடங்கினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, வேலை முடிந்து வந்த ஒரு செவிலியர் சகோதரி உள்ளே நுழைந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வயிறு உப்பியிருந்தது. மருத்துவமனையில் கொடுத்திருந்த அட்டையைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். காய்ச்சல் கண்டால் இரவானாலும் பகலானாலும் உடனே வரவேண்டும் என்பதே அதன் பொருள். பிறகு என்னிடம், "பாஸ்டர், ஜெபத்தை நிறுத்த வேண்டாம். டாக்ஸியில் ஜெபித்துக்கொண்டே போவோம்" என்றார். சந்துக்குள் வண்டி வராது. தகப்பனார் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு 90 அடி சாலைவரை ஓடினார். எனிமா கொடுக்கப்படவில்லை என்பதற்காக நான் இன்றுவரை தேவனுக்கு நன்றி சொல்லுகிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

அன்றிரவு மருத்துவர் எங்களுக்குச் சொன்ன நோயின் பெயர் டிப்லைட்டிஸ். வெள்ளையணு குறைந்த நிலையில் வரும் குடல் அழற்சி என்று அதைச் சொல்லலாம். 1970ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், லுக்கேமியா கண்ட பிள்ளைகளிடம் இந்தக் குடல் கோளாறு உண்டாவதை விவரித்து எழுதினார்கள். அந்நாட்களில் பெரும்பாலும் மரணத்துக்குப் பிறகே இது கண்டறியப்பட்டது. இன்று காலத்தோடு கொண்டுவரப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலேயே பிழைக்கிறார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் நேரம்தான், பிரியமானவர்களே.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு காரியங்களை அறிய வேண்டும். ஒன்று காவலரைப் பற்றியது. மற்றொன்று மதிலைப் பற்றியது.

நம்முடைய இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் காவலர்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அவை ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சிறு பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாகவும் இருக்கும். அவற்றுள் நியூட்ரோபில் என்னும் வகையே, கிருமி நுழைந்த இடத்துக்கு முதலாவது ஓடிச்சென்று அதை விழுங்குவது. இவை இரத்தத்தில் ஒரு நாளுக்குமேல் தங்குவதில்லை. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கும் மருந்து. அது புற்றணுவைத் தாக்கும்போது மஜ்ஜையையும் தாக்குகிறது. ஆகவே பல மருந்துகள் கொடுக்கப்பட்ட ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே வெள்ளையணுக்கள் மிகவும் தாழ்ந்துபோகின்றன. இது சிகிச்சையின் தோல்வியன்று, எதிர்பார்க்கப்படும் ஒன்றே. ஆனால் அந்த நாட்களில் கோட்டையில் காவல் இல்லை.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பெற்றோர் தாங்களே வாசிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. மொத்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை எடுத்து, அதில் நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மொத்தம் 800, நியூட்ரோபில் 20 சதவீதம் என்றிருந்தால், காவலர்கள் 160 பேர் மட்டுமே. 1,500க்கு மேல் இருப்பது இயல்பு. 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்து மிகுந்த நிலை. சில பரிசோதனைக்கூடங்கள் ஆயிரத்தை அலகாக வைத்து 0.8 என்று அச்சிடும். அது 800 என்று பொருள்படும். நம் சபைப் பிள்ளைக்கு அன்றிரவு மொத்தம் 600, நியூட்ரோபில் 10 சதவீதம். அறுபதே காவலர்கள்.

இப்பொழுது மதிலைப் பற்றிக் கேளுங்கள். நம்முடைய குடலுக்குள் கோடாகோடிக் கிருமிகள் வாழ்கின்றன. அவை குடலுக்குள் இருக்கும்வரை நமக்கு ஊழியம் செய்கின்றன. இரத்தத்துக்குள் நுழைந்தால் சத்துருக்களாகின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய படலம். இந்தப் படலம் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதாவது, இதுவும் வேகமாகப் பெருகும் அணுக்களால் ஆனது. ஆகையால் கீமோ மருந்து இதையும் அடிக்கிறது. பிள்ளையின் வாயில் புண் உண்டாவதை நாம் கண்ணால் காண்கிறோம் அல்லவா? அதைப் போன்ற புண் உள்ளே குடலிலும் உண்டாகக்கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை.

மதில் இடிந்திருக்கிறது, காவலரும் இல்லை. அப்பொழுது கிருமிகள் குடலின் சுவருக்குள் நுழைகின்றன. சுவர் வீங்குகிறது, இரத்தம் கசிகிறது, சில இடங்களில் திசு அழுகிவிடுகிறது. சுவர் ஓட்டையானால் மலமும் கிருமியும் வயிற்றுக்குள் கொட்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, சில மணி நேரத்திலேயே பிள்ளை மயங்கிப்போகலாம். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில், வலது அடிவயிற்றில் ஒரு பைபோன்ற பகுதி உண்டு. ஒரு பக்கம் வழியடைத்த அந்தப் பகுதிக்குக் குருட்டுக்குடல் என்று பெயர். டிப்லைட்டிஸ் என்ற சொல்லும் குருடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. இந்தப் பகுதி எளிதில் விரிவடையும். இதற்கு இரத்த ஓட்டமும் சற்றுக் குறைவு. ஆகையால் நோய் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. குடல்வால் வீக்கம் போலத் தோன்றி ஏமாற்றுவதும் அதனால்தான்.

இனி, இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதிக்கு வருகிறேன். சாதாரணப் பிள்ளைக்கு உடம்பில் தொற்று உண்டானால் சிவக்கும், சீழ் கட்டும், வலி கடுமையாகும். சீழ் என்பதே பெரும்பாலும் போரிட்டு மடிந்த வெள்ளையணுக்கள்தான். காவலரே இல்லாத உடம்பில் போர்ச் சத்தம் எங்கிருந்து கேட்கும்? அதுவுமன்றி, லுக்கேமியா சிகிச்சையின் முதல் வாரங்களில் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்படுகிறது. அது காய்ச்சலையும் வயிற்றின் இறுக்கத்தையும் மறைத்துவிடும். வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும். அதனால் இது வெறும் மலச்சிக்கல் வலி என்று நாம் ஏமாந்துபோகலாம். ஆகவே இந்தப் பிள்ளைகளிடத்தில் சிறிய அடையாளமே பெரிய எச்சரிப்பு. அதிகமாக அழவில்லையே, விளையாடினானே என்று காத்திருக்க வேண்டாம்.

அடையாளங்கள் இவை. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டுதல். உங்கள் மருத்துவமனை கொடுத்த அட்டையில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே கைக்கொள்ளுங்கள். வயிற்றுவலி, சிறப்பாக வலது அடிவயிற்றில். ஆனால் வயிறு முழுவதும் வலிக்கவும் கூடும். வயிறு உப்புதல், வாந்தி, பேதி, மலத்தில் இரத்தம். காய்ச்சலே இல்லாமல் பிள்ளை துவண்டு கிடந்தாலும், கைகால் குளிர்ந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் அதுவும் அபாயமே. இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆராதனை முடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. மருத்துவரைக் கேளாமல் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள்; காய்ச்சல் மறைந்துபோகும், உள்ளே நோயோ நடந்துகொண்டிருக்கும். மற்ற வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்கு அவற்றில் சில இரத்தக் கசிவை உண்டாக்கும். பேதி மருந்து, விளக்கெண்ணெய், நாட்டுக் கஷாயம் எதுவும் வேண்டாம். எனிமாவும், மலவாயில் வைக்கும் மருந்தும், மலவாயில் வைக்கும் தெர்மாமீட்டரும் அறவே கூடாது. வீங்கி மெலிந்த குடல் சுவரை அவை கிழித்துவிடலாம். கிருமியை உள்ளே ஏற்றிவிடலாம். அன்று அந்த அறையில் எனிமா கொடுக்கப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். டெங்கு போன்ற காய்ச்சலிலும் வெள்ளையணுக்கள் குறைவதுண்டு. உங்கள் பிள்ளையின் பரிசோதனைத் தாளில் 3,000 என்று கண்டவுடன் இந்த நோய் என்று பயப்படாதீர்கள். மருத்துவரிடம் காண்பித்துக் கேளுங்கள். நான் சொல்லும் ஆபத்து முக்கியமாகக் கீமோ சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், மஜ்ஜையே வேலை செய்யாத நோயுள்ளவர்களுக்கும் உரியது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்? காய்ச்சலோடு வரும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு, வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் மருந்தின் முதல் அளவைச் செலுத்த முயலுவார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நுழைந்தவுடன், "பிள்ளைக்குக் கீமோ நடக்கிறது, காய்ச்சல் இருக்கிறது" என்ற இரண்டையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்தி பேசத் தெரியாத தாய்மார் இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, சிகிச்சைக் கோப்போடு வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். குடல் சுவரின் தடிப்பு 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் பிள்ளைக்கு 9 மில்லிமீட்டர் இருந்தது.

அதன்பின் குடலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். வாய்வழியாக ஒன்றும் கிடையாது, தண்ணீரும்கூட. மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து வயிற்றைக் காலியாக்குவதும் உண்டு. நரம்பு வழியே நீரும், தேவையானால் ஊட்டச் சத்தும் ஏற்றுவார்கள். இரத்தமும் தட்டணுக்களும் தேவைப்படலாம். குடல் ஓட்டையானாலும், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும், சிகிச்சைக்குப் பிறகும் நிலைமை மோசமானாலும் அறுவை சிகிச்சை செய்வார்கள். மற்றபடி வெள்ளையணுக்கள் திரும்ப ஏறும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடித்திருப்பதே சிகிச்சை. காவலர் திரும்பி வந்தால் மதிலும் கட்டப்படும்.

பெற்ற வயிற்றுக்கு இதைவிடக் கடினமான நாட்கள் இல்லை. பிள்ளை, "அம்மா, ஒரு வாய் தண்ணீர்" என்று கேட்கும். தாய் கொடுக்கக் கூடாது. அந்த நாட்களில் இட்லியும் கஞ்சியும் கட்டிக்கொண்டு போய், "பாவம், ஒரு வாய் கொடுத்தால் என்ன?" என்று சொல்லி அந்தத் தாயை இன்னும் வருத்தாதீர்கள். உணவு கொண்டுபோனால் வாசலில் காத்திருக்கும் தகப்பனுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அவர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டார்.

இப்பொழுது சபையாராகிய நமக்கு. சிலர் என்னிடம், "பாஸ்டர், உடனே மருத்துவமனைக்கு ஓடுவது அவிசுவாசம் ஆகாதா?" என்று கேட்டதுண்டு. நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடந்த நாட்களில், சத்துருக்கள் சூழ்ந்துகொண்டபோது அவர் என்ன செய்தார்? தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார். இரவும் பகலும் காவலும் வைத்தார். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு அழுது ஜெபித்தபோது, அவருடைய ஆயுசு நாட்களைக் கூட்டின தேவனுடைய தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபத்துக்கும் மருந்துக்கும் நடுவே பகையை உண்டாக்கினவர்கள் நாம்தான்.

ஆகையால் வெள்ளையணு தாழ்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்குக் கூட்டமாகப் போகாதீர்கள். ஒருவரோ இருவரோ போதும். சளி, இருமல், காய்ச்சல், அம்மை, கண்நோய் உள்ளவர்கள் போகவே வேண்டாம். சோப்பினால் கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். பிள்ளையை முத்தமிட வேண்டாம். கை வைத்து ஜெபிக்க வேண்டுமானால் கழுவின கையை வையுங்கள். தள்ளி நின்று ஜெபித்தாலும் கர்த்தர் கேட்கிறார். வெளியே விற்கும் தின்பண்டமும் பச்சைக் காய்கறியும் கொண்டுபோகாதீர்கள். சூடாகச் சமைத்த உணவும் கொதித்து ஆறிய நீருமே அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. தயிர், பழம் முதலியவற்றைப் பற்றி அவர்களுடைய மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்படியானால் சபை செய்ய வேண்டியது என்ன? நடு இரவில் அழைத்தாலும் வண்டியோடு வரக்கூடிய இரண்டு சகோதரர்களின் தொலைபேசி எண்ணை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். டாக்ஸிப் பணத்தை முன்னதாகவே ஓர் உறையில் போட்டு அவர்களிடம் கொடுத்து வையுங்கள். கையில் பணமில்லாததால் விடியும்வரை காத்திருக்கும் தகப்பன்மார் உண்டு. வாலிபர்களே, இரத்தமும் தட்டணுக்களும் கொடுக்கப் பெயர் கொடுங்கள். சகோதரிகளே, வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மருத்துவமனையில் கூட நில்லுங்கள். இவற்றைச் செய்துவிட்டு, உங்கள் வீட்டில் முழங்காலில் நில்லுங்கள். அந்த ஜெபத்தினால் ஒரு கிருமியும் பரவாது.

நம் சபைப் பிள்ளை பதினோரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தான். எட்டாம் நாளில் வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கின. முதலாவது இரண்டு கரண்டி தண்ணீர், பிறகு கஞ்சித்தெளிவு. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. நான் மருத்துவரிடம், "நாங்கள் வீணாக்கின இரண்டு மணி நேரம் எவ்வளவு கெடுதல் செய்தது?" என்று கேட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இன்னும் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் நாம் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலை நான் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

லுக்கேமியா சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும் ஓட்டம். அவன் அதை ஓடி முடித்துவிட்டான். இன்று ஞாயிறு பள்ளியில் முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாய்திறக்குமுன் பதில் சொல்லுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், தாயார் என் முகத்தைப் பார்த்த அந்த நொடி எனக்கு நினைவுக்கு வருகிறது. அப்பொழுது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை: "புறப்படுங்கள்."

பிரியமானவர்களே, உங்களில் ஒருவருடைய முகத்தையும் ஒரு நாள் ஒரு தாய் அப்படிப் பார்க்கக்கூடும். அந்த நேரத்தில் சொல்லவேண்டிய வார்த்தையை மறந்துபோகாதிருங்கள். இந்தத் தாளை வெட்டி, அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கொடுங்கள். காவல் குறைந்த பிள்ளைகளுக்குக் கர்த்தர்தாமே காவலாயிருப்பாராக. நம்மையும் விழித்திருக்கிற காவலராக வைப்பாராக. ஆமென்.